கலைக்கிற மாத்திரை: ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு தங்கச்சிக்கு

கேட்ட பெண்ணுக்கு 27 வயது. தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக எல்லை தாண்டி, கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். சின்னவனுக்கு 14 மாதம், இன்னும் பால் மறக்கவில்லை. ஆடிப் பதினெட்டு அன்று கடைசியாகத் தீட்டு வந்தது. இன்று புரட்டாசி 1. கார்டு டெஸ்டில் இரண்டு கோடு. கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி, “பதினஞ்சு நாள் கருதானே, மெடிக்கல்ல சொல்லி கிட் வாங்கித் தர்றேன், ராத்திரி போட்டுட்டு காலைல வேலைக்கு வந்திரலாம்” என்கிறாளாம். இவள் கேட்டது மூன்று: போட்டால் உடம்புக்கு என்ன செய்யும், உயிருக்கு ஆபத்து உண்டா, பின்னால் பிள்ளை வேண்டுமென்றால் தங்குமா.

தாயி, நான் 26 வருடம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் எல்லையோர ஊர்களில். உன்னை மாதிரி ஜீப்பில் போய்வருகிற பெண்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உன் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். முறையாகப் போட்டு, முழுசாக வெளியேறிவிட்டால், பின்னால் கரு தங்குவதை இந்த மாத்திரை கெடுக்காது. மலடு ஆகாது. கருப்பை சுருங்கிப்போகாது. சொல்லப்போனால் இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தங்கும் நிலைக்கு உடம்பு வந்துவிடும்.

உயிர் ஆபத்து எப்போது வருகிறது? கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம், உடம்பில் ரத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் போடும்போது வருகிறது. ரத்தப்போக்கு கூடினால் ஓட ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் இருந்துகொண்டு போடும்போது வருகிறது. அந்த அக்கா சொல்கிற வழியில் இவை அத்தனையும் இருக்கின்றன. அவள் உன் மேல் பிரியத்தில்தான் சொல்கிறாள். ஆனால் அவள் போட்ட கணக்கே தப்பு.

“பதினஞ்சு நாள் கரு” என்பது தீட்டு தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணுவது. ஆஸ்பத்திரியில் அப்படி எண்ணமாட்டார்கள். கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆடிப் பதினெட்டு என்றால் ஆகஸ்ட் 3. இன்று செப்டம்பர் 17. ஆக 45 நாள், ஆறு வாரம் தாண்டிவிட்டது. நம் நாட்டு விதிப்படி இந்த மாத்திரை 63 நாள், அதாவது ஒன்பது வாரம் வரைக்கும்தான். உனக்கு அக்டோபர் 5 வரை இருக்கிறது. அவசரப்பட்டு இன்று ராத்திரியே விழுங்கவேண்டிய தேவையும் இல்லை, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று விடவும் முடியாது. இன்னொன்று, நீ பால் கொடுக்கிறவள். பால் கொடுக்கும்போது தீட்டு ஒழுங்காக வராது. ஆடிப் பதினெட்டில் வந்தது உண்மையான தீட்டா, கரு தங்கிய பிறகு லேசாகப் பட்ட ரத்தமா என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். அப்படி “ஆறு வாரம்” என்று வந்த பெண்ணுக்கு 13 வாரம் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் வீட்டில் மாத்திரை போட்டிருந்தால் ரத்தப்போக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாத்திரை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள். கிட்டில் ஐந்து மாத்திரை இருக்கும். ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கருவைத் தாங்கிப் பிடிக்கிற புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அது தடுக்கும். கருப்பையின் உள்படலம் பிடி தளரும், வாய் இளகும். இதை விழுங்கின அன்று பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. சிலருக்கு வாந்தி வரும், லேசாக ரத்தம் படும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும், மறுபடி கொடுக்கவேண்டி வரலாம். மற்ற நாலும் மிசோப்ரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் கழித்து இது. நாக்குக்கு அடியிலோ, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலோ, பெண்ணுறுப்பிலோ வைக்கச் சொல்வார்கள். எப்படி என்பதைப் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். இது கருப்பையைச் சுருக்கி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். குடல்புண்ணுக்காக வந்த மருந்து இது. மிஃபெப்ரிஸ்டோன் 1988இல் பிரான்சில் அனுமதி பெற்று, 2002இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஏதோ கள்ளச்சந்தை விஷயம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்பது வாரத்துக்குள் முறையாகப் போட்டால் நூற்றுக்கு 95 முதல் 98 பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாமல் முடிந்துவிடும். மீதிப் பேருக்கு உள்ளே கொஞ்சம் தங்கிவிடும், அதை உறிஞ்சி எடுக்கவேண்டி வரும். நூற்றில் ஒருவருக்கு அளவில் கரு கலையாமலே வளரும்.

இரண்டாவது மாத்திரை நாள்தான் எல்லாம். வைத்த ஒன்று முதல் நாலு மணி நேரத்துக்குள் வலி ஆரம்பிக்கும். தீட்டு வலி என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன், அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அடிவயிறும் இடுப்பும் பிடித்துப் பிடித்து இழுக்கும். வலி மாத்திரையை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள், சகித்துக்கொள்வது வீரம் இல்லை. குளிர் எடுத்து உடம்பு நடுங்கும், காய்ச்சல் அடிக்கும், வயிற்றால் போகும், குமட்டும். இவை மிசோப்ரோஸ்டாலின் குணம். ஒரு நாளுக்குள் அடங்கவேண்டும். ரத்தம் தீட்டைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போகும். எலுமிச்சை அளவு கட்டி வந்தாலும் பயப்படாதே. வெள்ளையாகச் சதை மாதிரியும் வரலாம். அந்தக் கனத்த போக்கு சில மணி நேரம்தான். அப்புறம் தணிந்து, தீட்டு மாதிரி ஆகி, ஒன்பது முதல் பதினாறு நாள் வரை சொட்டுச் சொட்டாகப் படும். சிலருக்கு ஒரு மாதம் வரை இழுக்கும்.

எவ்வளவு போனால் அதிகம்? முழு அளவுப் பெரிய பேட், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் அதிகம். உடனே கிளம்பவேண்டும். இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் பெண்கள் பலர் இன்னும் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து வைக்கிறார்கள். துணி எவ்வளவு குடித்தது என்று கணக்குத் தெரியாது. ஒரு பெண் நான்கு மடிப்புச் சேலைத் துணியோடு வந்தாள். “கொஞ்சம்தான்க்கா படுது” என்றாள். பிழிந்தால் வாளியில் ஊற்றுகிற அளவுக்கு ரத்தம். உதடும் நகமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. மற்ற நாளில் எதை வேண்டுமானாலும் வை, அந்த இரண்டு நாளும் பேட் வை. மாற்றுகிற நேரத்தை ஒரு தாளில் எழுது.

இப்போது கரு எங்கே இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீ மறக்கக்கூடாது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கிவிடும். இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கருப்பையின் உள்படலம் உரிந்து கொஞ்சம் ரத்தம் வரும். அந்தப் பெண் கலைந்துவிட்டது என்று நம்பிவிடுவாள். குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். வெடித்தால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே கொட்டும்.

ஒரு மதியம், காய் எடுப்புக் காலம், மழை. தோட்ட ஜீப் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. நாலு பெண்கள் சேர்ந்து ஒருத்தியை இறக்கினார்கள். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, விரல் இடுக்கில் ஏலச்செடிக் கறை. காலையிலிருந்து வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாளாம். முந்தின நாள் சாக்குத் தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்று ஒருத்தி தைலம் தேய்த்துவிட்டிருந்தாள். நான் கிட்டப் போனபோது தைல வாசனைதான் முதலில் வந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. வயிற்றில் கை வைத்தால் பலகை. எட்டு நாளுக்கு முன்னால் கிட் போட்டதாக அவள் என் காதில் சொன்னாள், வெளியே நின்ற புருஷனுக்குக் கேட்கக்கூடாது என்று. வயிற்றுக்குள் கொட்டுகிற ரத்தம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசைத் திரையைத் தொட்டால் வலி தோளில் தெரியும். சுமை தூக்குகிற பெண்ணுக்கு அது சுமை வலி மாதிரியேதான் தோன்றும். இரண்டு பக்கமும் ஊசி ஏற்றி, ரத்தத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குழாயை எடுத்துப் பிழைக்கவைத்தார்கள். மாத்திரைக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் அவளுக்கு அந்த நாள் வந்திருக்காது. ஆகவே ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள் நுனி வலி, கிறுகிறுப்பு, மயக்கம், இதில் எது வந்தாலும் பேட் காய்ந்தே இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. மிசோப்ரோஸ்டால் வைத்து 24 மணி நேரமாகியும் ரத்தமே வரவில்லை என்றாலும் போ.

உனக்கு இரண்டு ஆபரேஷன் என்பதால் இன்னொரு சந்தேகம் இருக்கும். முந்தின சிசேரியன் இந்த மாத்திரைக்குத் தடை இல்லை. ஆனால் அரிதாகக் கரு பழைய தையல் தழும்பிலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. அதற்கும் ஸ்கேன்தான் பதில். பால் கொடுப்பதும் தடை இல்லை. மருந்து பாலில் சொற்பம்தான் வரும், பையனுக்கு ஒன்றிரண்டு முறை இளகிப் போகலாம்.

யாருக்குக் கூடாது என்றால்: காப்பர் டி உள்ளே இருப்பவர்கள் (முதலில் அதை எடுக்கவேண்டும்), ரத்தம் உறையாத நோயுள்ளவர்கள், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்கள், வீசிங்குக்கோ மூட்டுவலிக்கோ வெகுகாலமாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருப்பவர்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள். கடையில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் நீ வரிசையில் நின்றுகொண்டு எதைச் சொல்வாய்?

ரத்தசோகை தனி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. நம் பக்கம், காலையில் ஒரு டீயோடு ஜீப் ஏறி, பதினோரு மணிக்குத் தூக்குவாளிச் சோறு தின்கிற பெண்களுக்கு ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பதைச் சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். 12 இருப்பவள் தாங்குகிற போக்கை 7 இருப்பவள் தாங்கமாட்டாள். 8க்குக் கீழே இருந்தால் வீட்டில் வைத்து மாத்திரை கொடுக்க டாக்டர் யோசிப்பார், ஆஸ்பத்திரியில் உறிஞ்சி எடுப்பதே நல்லது என்பார். அவர் அப்படிச் சொன்னால் கேள். ரத்த வகையையும் அன்றே பார். நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகைச் சிக்கல் வராமல் தடுக்க, நம் ஊரில் பல டாக்டர்கள் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் 12 வாரத்துக்குள் அது வேண்டியதில்லை என்கிறது. அதை டாக்டர் முடிவுக்கு விடு.

கிருமி தொற்றுவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் விளையாட்டில்லை. ஒரு நாளைத் தாண்டியும் காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால், வாடையோடு வெள்ளையோ ரத்தமோ பட்டால், வலி மாத்திரைக்கு அடங்காத வலி இருந்தால் போகவேண்டும். காய்ச்சலே இல்லாமல், நாலைந்து நாள் கழித்து எழுந்திருக்கவே முடியாத அசதி, வாந்தி, நெஞ்சு படபடப்பு என்று வந்தாலும் போகவேண்டும். அந்த மாதிரித் தொற்று மிக அபூர்வம், ஆனால் வேகமாகப் பரவும்.

போடுகிற நாளைப் பற்றி என் கருத்து இது. பெண்கள் முதல் மாத்திரை வெள்ளி, இரண்டாவது ஞாயிறு என்று கணக்குப் போடுவார்கள், கூலி கெடாது என்று. நான் புதன், வெள்ளி என்பேன். ஞாயிற்றுக்கிழமை பல சின்ன ஆஸ்பத்திரிகளில் மகப்பேறு டாக்டர் இருக்கமாட்டார். வெள்ளி காலை பத்து மணிக்கு இரண்டாவது மாத்திரை என்றால் கனத்த நேரம் பகலிலேயே கழிந்துவிடும். சனி, ஞாயிறு படுத்து எழலாம். இரண்டு நாள் கூலி போகும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நீ மலைமேல் இருக்கக்கூடாது. தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம், அதற்கப்புறம் மெட்டு வளைவுகள், மழையென்றால் மூடுபனி. அந்த ஜீப்பில் பதினைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து ரத்தம் போவதை நினைத்துப் பார். அம்மாவையோ, நம்புகிற ஒருத்தியையோ கூட வைத்துக்கொள். பையனை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே போவது? கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்த மத்திய சட்டம், 2021இல் திருத்தினார்கள். ஆகவே கம்பமானாலும் கட்டப்பனையானாலும் சட்டம் ஒன்றுதான். ஆதார் எந்த மாநிலம் என்பது பிரச்சினை இல்லை. கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் கேள். அங்கே முடியாது என்றால் பெரியகுளம் தலைமை மருத்துவமனை, க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி. வேலைக்குப் போன இடத்தில் அவசரம் வந்தால் நெடுங்கண்டமோ கட்டப்பனையோ பக்கம், எல்லை தாண்டி ஊருக்கே வரவேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதே. 108 இரண்டு பக்கமும் ஓடுகிறது. எஸ்டேட் பெயரும் பக்கத்து ஜங்ஷன் பெயரும் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். அங்கே டாக்டர் மலையாளத்தில் கேட்டால் பயப்படாதே. நமக்குக் கிறுகிறுப்பு, அவர்களுக்குத் தலகறக்கம். பிளீடிங் என்றால் இரண்டு பக்கமும் புரியும். மாத்திரை போட்டதை மறைக்காதே. எப்போது, எத்தனை என்று சொன்னால் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

புருஷன் கையெழுத்து வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். வேறு யார் கையெழுத்தும் சட்டம் கேட்கவில்லை. உன் பெயரை வெளியே சொல்வது டாக்டருக்குக் குற்றம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லிவிட்டது. “குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டாத்தான் கலைப்போம்” என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று நிமிர்ந்து சொல். நானே வேலைபார்த்த ஓர் இடத்தில் இதைச் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் கடைக்குப் போனார்களோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

கடைக்காரர் “தீட்டு வர மாத்திரை” என்று வேறு எதையாவது கொடுத்தாலும் வாங்காதே. கரு தங்கிய பிறகு அந்த ஹார்மோன் மாத்திரை கலைக்காது. சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். நாள் மட்டும் வீணாகும். பப்பாளியும் எள்ளும் தின்று காத்திருப்பதும் அதே கதை. எருக்கங்குச்சி வைத்து வந்தவர்களை என் வேலையின் முதல் வருடங்களில் பார்த்தேன், அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

மாத்திரை போட்டுவிட்டு, கலையவில்லை என்றதும், “சரி, பெற்றுக்கொள்கிறேன்” என்று மனம் மாறுகிறவர்கள் உண்டு. மிசோப்ரோஸ்டால் குழந்தையின் கை கால், முக நரம்பு ஆகியவற்றில் குறை உண்டாக்கக்கூடும். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்னாலேயே மனதில் தெளிவு வேண்டும். உனக்கு ஒரு வாரம் யோசிக்க நேரம் இருக்கிறது, யாரும் தள்ளவில்லை. கலைத்த பிறகு அழுகை வந்தாலும், நிம்மதியாக இருந்தாலும் இரண்டும் இயல்புதான்.

பதினைந்தாவது நாள் கட்டாயம் திரும்பப் போ. ரத்தம் நின்றுவிட்டது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அன்று பார்த்தால்தான் முழுசாகப் போனதா, கரு இன்னும் இருக்கிறதா என்று தெரியும். வீட்டில் கார்டு டெஸ்ட் பார்த்துக் குழம்பாதே, நாலு வாரம் வரை இரண்டு கோடு காட்டும். ரத்தம் நிற்கும்வரை புருஷனோடு சேர வேண்டாம். தலைக்குக் குளிக்கலாம், பத்தியம் ஒன்றும் வேண்டாம், ஒரு வாரம் சாக்குத் தூக்காதே, இரும்புச்சத்து மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் வாங்கி மூன்று மாதம் சாப்பிடு. அடுத்ததைத் தள்ளிப்போட அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முழுசாக வெளியேறியது உறுதியானதும் காப்பர் டி போடலாம். உன் புருஷனுக்கு வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தால் அரை மணி நேர வேலை, வயிற்றைக் கிழிக்கவும் தேவையில்லை. அதையும் அவரிடம் பேசு.

நாளைக்கு ஜீப்புக்குப் போகாதே. எட்டு மணிக்கெல்லாம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடு. சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொள். கடைசித் தீட்டுத் தேதியை இங்கிலீஷ் மாதத்தில் எழுதிக்கொண்டு போ: ஆகஸ்ட் 3. சீட்டு எழுதுகிறவரிடம் சத்தமாக எதுவும் சொல்லவேண்டாம், “லேடி டாக்டரைப் பார்க்கணும்” என்றால் போதும். மீதியை உள்ளே போய்ச் சொல்.